தீம் பார்க்குகளுக்குக் கூட்டம் உண்மையிலேயே குறைகிறதா? சேலத்திலிருந்து ஒரு வேன்காரரின் கேள்வி

கன்னங்குறிச்சி வேன்காரர்:

எல்லாருக்கும் வணக்கம். பதினாறு வருடமாகச் சேலத்தில் சுற்றுலா வேன் வைத்து ஓட்டுகிறேன். ஒரு பன்னிரண்டு சீட்டு, ஒரு இருபத்தைந்து சீட்டு, இரண்டும் சொந்த வண்டி. பெரிய வண்டிக்கு வயதாகிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும், அதற்கு பைனான்ஸ் போடலாமா வேண்டாமா என்ற குழப்பத்தில்தான் கேட்கிறேன், வெறும் அரட்டைக்காக இல்லை.

2019 வரைக்கும் பெரிய வண்டிக்குச் சோறு போட்டதே தீம் பார்க் சவாரிதான். ஏப்ரல், மே மாதத்தில் குடும்பங்கள், காலாண்டு லீவு முடிந்ததிலிருந்து பொங்கல் வரைக்கும் பள்ளிக்கூடங்கள், நடுநடுவே தறிப்பட்டறை, கொலுசுப் பட்டறை ஆட்கள் வருடத்துக்கு ஒரு தடவை போகிற டூர். பெங்களூரு பக்கம் என்றால் விடியற்காலை நாலு மணிக்கு ஐந்து ரோட்டில் ஆள் ஏற்றி, தொப்பூர் கணவாய் தாண்டி, கிருஷ்ணகிரியில் இட்லி சாப்பிட வைத்து, கர்நாடகா டாக்ஸ் கட்டி, கேட் திறக்கிற நேரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடுவேன். கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் என்றால் இன்னும் சுலபம். இப்போது அந்தச் சவாரி பாதிகூட இல்லை. ஆனால் டிவியில் பார்த்தால் புதுப் பார்க் திறக்கிறார்கள், எங்கே பார்த்தாலும் விளம்பரம். அமெரிக்காவிலேயே கூட்டம் குறைந்துவிட்டது, உலகம் முழுக்க இதே கதைதான் என்கிறான் என் மருமகன். எது உண்மை?

போன மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன். அம்மாபேட்டையிலிருந்து ஒரு தறிப்பட்டறைக்காரர், தன் ஆட்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுமாக 22 பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு பார்க்குக்கு வந்தார். எல்லாருக்கும் டிக்கெட் தானே போடுவதாகச் சொல்லியிருந்தார். பழைய விலையை மனதில் வைத்துப் பணம் கொண்டுவந்திருக்கிறார், கவுண்டரில் லீவு நாள் விலை சொன்னதும் சட்டைப் பையிலிருந்து எடுத்து இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கூட வந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஆறு பேர் தாங்களாகவே, "எங்களுக்குத் தண்ணியில எறங்குனா சளி புடிச்சுக்குங்க, நீங்க போயிட்டு வாங்க" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் என்னோடு வண்டி நிழலில்தான் இருந்தார்கள். கொண்டுவந்த புளிசோறு அங்கேயே சாப்பிட்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் 'ஓ' என்று சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பாட்டி, "அது எந்த ராட்டினம் தம்பி, நம்ம பையன் ஏறியிருப்பானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பேரன் உள்ளே போயிருந்தான்.

அன்றைக்கு அந்தப் பார்க்கின் கணக்கில் 16 பேர்தான் வந்திருப்பார்கள். நான் ஏற்றிப்போனது 22. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சூரமங்கலம் ஆடிட் ஆபீஸ்:

அண்ணா, உங்கள் மருமகன் சொன்னது பாதி சரி. எனக்குச் சின்ன வயதில் போஸ் மைதானத்துப் பொருட்காட்சியில் ராட்டினம் ஏறியதிலிருந்தே இதில் ஒரு பைத்தியம் உண்டு, வேலையே கணக்குப் பார்ப்பது என்பதால் இந்தக் கம்பெனிகளின் அறிக்கைகளையும் விடாமல் படிப்பேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, டிஸ்னி மாதிரிப் பெரிய கம்பெனி எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்க் வாரியாகச் சொல்வதே இல்லை. போன வருடத்தைவிட இத்தனை சதவீதம் கூடுதல், குறைவு என்பதோடு நிறுத்திக்கொள்ளும். நாம் பார்க்கிற எண்ணெல்லாம் டி.இ.ஏ. என்கிற தொழில் சங்கம் வருடாவருடம் போடும் மதிப்பீடு. அதன்படி அமெரிக்காவில் புளோரிடாவில் இருக்கிற டிஸ்னியின் மேஜிக் கிங்டம், உலகத்திலேயே அதிகக் கூட்டம் வரும் பார்க், 2019-இல் 2.09 கோடி பேரைப் பார்த்தது. கொரோனா வந்த 2020-இல் 70 லட்சத்துக்கும் கீழே போய், 2024-இல் 1.78 கோடிக்கு வந்து நிற்கிறது. அதாவது ஐந்து வருடம் கழித்தும் பழைய எண்ணிக்கையைத் தொடவில்லை. அதே சமயம் ஷாங்காய் டிஸ்னிலாண்ட் 1.12 கோடியிலிருந்து 1.47 கோடிக்கு ஏறியிருக்கிறது, ஜப்பானில் ஒசாகா யுனிவர்சல் ஸ்டூடியோஸ் 1.45 கோடியிலிருந்து 1.6 கோடிக்கு. ஆகவே உலகம் முழுக்கக் குறைகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. டோக்கியோ டிஸ்னியை நடத்துகிற ஓரியண்டல் லேண்ட் கம்பெனி தலைக்கணக்கை ஒளிக்காமல் வெளியிடும். 2018-19 நிதியாண்டில் இரண்டு பார்க்குக்கும் சேர்த்து 3.25 கோடி பேர் வந்தார்கள், அதுதான் அவர்களுடைய உச்சம். 2024-25-இல் 2.75 கோடி. ஐம்பது லட்சம் பேர் குறைவு! கம்பெனி அழுதிருக்க வேண்டுமே என்று பார்த்தால், வருமானம் சுமார் 52,500 கோடி யென்னிலிருந்து சுமார் 67,900 கோடி யென்னுக்கு ஏறியிருக்கிறது. ஒரு நாளைக்கு உள்ளே விடுகிற ஆட்களை அவர்களே வேண்டுமென்றே குறைத்தார்கள். நெரிசல் இல்லாமல் இருக்கட்டும், வருகிறவர் ஒவ்வொருவரும் கூடுதலாகச் செலவு செய்யட்டும் என்பது கணக்கு.

அமெரிக்காவில் சிக்ஸ் பிளாக்ஸ் என்கிற பார்க் கம்பெனி இதையே செய்யப்போய்க் கையைச் சுட்டுக்கொண்டது. 2021 கடைசியில் சலீம் பசூல் என்பவர் தலைமைக்கு வந்தார். தள்ளுபடி, மலிவு சீசன் பாஸ் எல்லாவற்றையும் வெட்டினார். 2021-இல் 2.77 கோடியாக இருந்த கூட்டம் 2022-இல் 2.05 கோடி ஆனது, ஒரே வருடத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் காலி. தலைக்கு வருமானம் கூடியது, மொத்த வருமானமோ இறங்கிவிட்டது. கடைசியில் 2024 ஜூலையில் சீடர் ஃபேர் என்கிற போட்டிக் கம்பெனியோடு இணைந்தது. மேரிலாண்டில் இருந்த ஒரு பார்க்கை 2025 நவம்பரோடு மூடியே விட்டார்கள்.

நம் ஊர்ப் பக்கம் வொண்டர்லா பங்குச்சந்தையில் இருக்கிற கம்பெனி என்பதால் கணக்கு வெளியே தெரியும். 2022-23-இல் எல்லாப் பார்க்குக்கும் சேர்த்து சுமார் 33 லட்சம் பேர். அடுத்த வருடம் 32.5 லட்சம். ஆனால் வருமானம் 429 கோடியிலிருந்து 483 கோடி ரூபாய்க்குப் போனது. அதற்கு அடுத்த வருடம் புவனேஸ்வரில் புதுப் பார்க் திறந்தும் மொத்தக் கூட்டம் மறுபடியும் குறைந்தது, அப்போது வருமானமும் கொஞ்சம் இறங்கியது. அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது தீம் பார்க்குக்கு 28 சதவீதம் போட்டார்கள், 2018 ஜனவரியில்தான் 18 ஆக்கினார்கள். வொண்டர்லாவின் சென்னைப் பார்க் பல வருடம் இழுத்தடித்ததற்குக்கூட உள்ளாட்சிக் கேளிக்கை வரி ஒரு பெரிய காரணம், தமிழக அரசு பத்து வருடத்துக்கு விலக்குக் கொடுத்த பிறகுதான் வேலை ஆரம்பித்தது.

உங்கள் வண்டி நிழலில் உட்கார்ந்திருந்த ஆறு பேரைப் பற்றிப் படித்ததும் எனக்கு இந்த எண்கள்தான் ஞாபகம் வந்தன. அறிக்கையில் 'கூட்டம் சற்றே குறைவு, தலைக்கு வருமானம் உயர்வு' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குப் பின்னால் இருப்பது அந்தப் பாட்டிதான்.


செவ்வாய்ப்பேட்டை 1987:

இவ்வளவு கணக்கு எதற்கு? பிள்ளைகள் எல்லாம் போனுக்குள் போய்விட்டார்கள். என் மகனைக் கூப்பிட்டால் வீட்டை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறான். விளையாட்டு, சினிமா, எல்லாம் அதிலேயே. அப்புறம் யார் ஐந்து மணி நேரம் வேனில் உட்கார்ந்து போய் ராட்டினம் ஏறுவார்கள்?


ஓமலூர் டீச்சர்:

செவ்வாய்ப்பேட்டை அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், எங்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் வந்து கேட்டுப் பாருங்கள். போனில் ரோலர் கோஸ்டர் வீடியோ பார்த்துவிட்டு "டீச்சர், நாம எப்போ போறோம்?" என்று கேட்காத வாரம் கிடையாது. ஆசை குறையவில்லை. நாங்கள்தான் கூட்டிப்போகவில்லை.

ஏன் கூட்டிப்போகவில்லை என்று வேன்காரர் அண்ணாவுக்குத் தெரிய வேண்டும் என்பதால் சொல்கிறேன். கடைசியாக 2018 டிசம்பரில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு பார்க்குக்குப் போனோம். குழந்தைக்கு ஒரு விலை, பெரியவருக்கு ஒரு விலை, அதை வயதை வைத்துப் பார்க்கமாட்டார்கள், உயரத்தை வைத்துத்தான். கேட்டில் ஒரு கோல் நட்டு அதில் கோடு போட்டிருப்பார்கள். எங்கள் ஏழாம் வகுப்பில் ஒரு பெண், கொஞ்சம் வளர்த்தி, உண்டியலை உடைத்துச் சில்லறையைத் தூக்குவாளி மாதிரி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு வந்து ஜூலை மாதமே என்னிடம் கொடுத்த பிள்ளை. கோலின் பக்கத்தில் நின்றதும் முழங்காலை லேசாக மடக்கிக்கொண்டாள். அங்கிருந்த ஆள் திட்டவில்லை, பாவம், "நேரா நில்லும்மா" என்றுதான் சொன்னார். நேராக நின்றாள், கோட்டுக்கு ஒரு விரல்கடை மேலே போய்விட்டது. மீதிப் பணத்தை ஆசிரியர்கள் நாங்கள் போட்டோம், அது பெரிய விஷயமே இல்லை. ஆனால் அன்று முழுக்க அவள் எந்த ரைடிலும் சிரிக்கவில்லை. தான் எல்லாருக்கும் செலவு வைத்துவிட்டோம் என்றே இருந்தாள். அதைப் பார்த்த பிறகு அடுத்த வருடம் பார்க் பெயரை எடுக்கவே எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் கொரோனா வந்தது. அதன் பிறகு டூர் என்றாலே அனுமதிக் கடிதம், பெற்றோர் கையெழுத்து, கூட எத்தனை ஆசிரியர், இரவுப் பயணம் வேண்டாம் என்று ஆயிரம் யோசனை. அது சரியானதும்கூட, தண்ணீரில் இறங்குகிற இடத்தில் அறுபது பிள்ளைகளை நாலு பேர் பார்த்துக்கொள்வது சும்மா இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பிள்ளைகளே குறைந்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை என்று 2020-ஆம் வருடத்து மாதிரிப் பதிவு அறிக்கையே சொல்கிறது. என் பள்ளியில் ஏழாம் வகுப்பில் இரண்டு பிரிவு இருந்தது ஒன்றாகிவிட்டது. அன்றைக்கு இரண்டு பஸ் கேட்ட பள்ளிக்கு இன்றைக்கு உங்கள் இருபத்தைந்து சீட்டு வண்டி ஒன்றே போதும், அதிலும் இரண்டு சீட்டு மிஞ்சும்.

இப்போதெல்லாம் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா, மேட்டூர் அணைப் பூங்கா, ஏற்காட்டில் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம், இவ்வளவுதான். பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் இல்லை. பூச்சியைப் பிடித்துத் தின்கிற குடுவைச் செடியை ஆர்க்கிட் தோட்டத்தில் பார்த்துவிட்டு ஒரு பையன் அதன் முன்னாலேயே அரை மணி நேரம் நின்றான். ஆனாலும் ராட்டினம் ராட்டினம்தான்.


ஒண்டிக்கடை மிளகு வியாபாரி, ஏற்காடு:

டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டு என் பக்கத்தையும் சொல்லலாம் என்று வந்தேன். இருபது வருடமாக இங்கே மிளகு, காப்பிக்கொட்டை, தேன் விற்கிறேன்.

கூட்டம் எங்கேயும் ஓடிப்போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்தில் நின்று பாருங்கள், இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் வண்டி வரிசை. மே மாதம் கோடை விழா நாளில் ஏறுவதற்கு அடிவாரம், இறங்குவதற்குக் குப்பனூர் வழி என்று போலீஸ் பிரித்து விட்டாலும் படகு இல்லத்தைத் தாண்ட முக்கால் மணி நேரம் ஆகும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்றம் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வைத்துவிட்டது, 2025 ஏப்ரலில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று எண்ணிக்கையும் போட்டார்கள், நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. எங்கள் மலைக்கு அப்படி ஒன்றும் இல்லாததால் கடைசி நேரத்தில் கிளம்புகிறவர்கள் இங்கே திரும்புகிறார்கள்.

ஆனால் வருகிறவர்கள் எப்படி வருகிறார்கள் என்று பாருங்கள். பைக்கில் இரண்டு பேர், காரில் நாலு பேர். பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட், சேர்வராயன் கோயில், ஒரு டீ, ஒரு மிளகாய் பஜ்ஜி, நாலு மணிக்கு இறங்கிவிடுவார்கள். வேனில் முப்பது பேர் பாத்திரம் பண்டத்தோடு வந்து ஏரிக்கரையில் சமைத்துச் சாப்பிடுவது எனக்குத் தெரிந்தே குறைந்துவிட்டது. அப்படி வந்தவர்கள்தான் என் கடையில் கால் கிலோ மிளகு வாங்கிப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஆகவே ஆடிட் ஆபீஸ் தம்பி, உங்கள் கணக்கோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: விலை மட்டும் காரணம் இல்லை, கும்பலாகக் கிளம்புகிற பழக்கமே தேய்ந்துவருகிறது. ஊருக்கே ஒரு லீவு என்று இருந்தது போய் ஆளுக்கொரு ஷிப்ட், ஆளுக்கொரு லீவு. வேன்காரர் அண்ணனுக்கு அடி விழுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.


வாழப்பாடி, முன்னாள் ரைடு ஆபரேட்டர்:

ஆறு வருடம் வெளி மாநிலத்தில் ஒரு பார்க்கில் வேலை பார்த்தேன், முதலில் வேவ் பூல் லைஃப்கார்டு, பிறகு ரைடு ஆபரேட்டர். பார்க்காரர்கள் பக்கம் நின்றும் யாராவது பேச வேண்டும்.

ஒரு பெரிய ரைடில் ஒரு சுற்றுக்கு 24 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றி, மடிக்கு மேல் பிடித்துக்கொள்ளும் லாப் பார் கம்பியை இறக்கி, ஒவ்வொரு சீட்டையும் கையால் இழுத்துப் பார்த்து, கட்டைவிரல் காட்டி, ஓட்டி, இறக்கி விட மூன்று நிமிடம். மணிக்கு இருபது சுற்று, 480 பேர். ஒருவர் பெல்ட் மாட்டத் தெரியாமல் தடுமாறினாலோ, கண்ணாடியைக் கழற்றமாட்டேன் என்று நின்றாலோ அதுவும் 400-க்கு இறங்கிவிடும். இதை மாற்றவே முடியாது, சீட்டை இழுத்துப் பார்க்கும் வேலையை அவசரப்படுத்தினால் உயிருக்கு ஆபத்து. மே மாத ஞாயிற்றுக்கிழமை பத்தாயிரம் பேர் உள்ளே வந்தால் என்ன ஆகும்? வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்று இரண்டு நிமிடம் ஏறுவார்கள். கியூவில் மயங்கி விழுந்த குழந்தையை நானே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அதனால் கூட்டத்தைக் குறைக்க வேண்டும் என்று நிர்வாகம் நினைப்பது பேராசையால் மட்டும் இல்லை. குறைப்பதற்கு அவர்கள் கையில் எடுத்த ஒரே கருவி விலை என்பதுதான் எனக்கு வருத்தம். டிக்கெட்டை நாள்வாரியாகப் பிரித்து, திங்கள் முதல் வியாழன் வரை பள்ளிகளுக்கும் பட்டறை ஆட்களுக்கும் நிஜமாகவே மலிவாகக் கொடுத்தால் அந்த நாட்களில் காற்று வாங்கிக்கொண்டிருக்கும் ரைடுகள் நிரம்பும். ஆகஸ்டு மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை எட்டுப் பேருக்காக ரோலர் கோஸ்டர் ஓட்டியிருக்கிறேன், கரண்டு செலவு அதேதான்.

அடுத்தது மழை. தண்ணீர் விளையாட்டை நம்பி இருக்கும் பார்க்குக்கு ஏப்ரலிலிருந்து ஜூன் வரைதான் அறுவடை. 2025-இல் மே 24-ஆம் தேதியே கேரளாவில் பருவமழை இறங்கிவிட்டது, வழக்கத்தைவிட எட்டு நாள் முன்னால். லீவின் கடைசி வாரம் கைவிட்டுப் போனால் அந்தக் காலாண்டே போன மாதிரி. இடி இடித்தால் ரைடை நிறுத்தியே ஆக வேண்டும், ஜனங்கள் ஷெட்டுக்குக் கீழே நின்று எங்களைத் திட்டுவார்கள். ஒரு வருடத்து எண்ணிக்கையை வைத்துத் தொழிலே விழுந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள்.

அப்படியே மூடிப்போனவையும் உண்டு. டெல்லி அப்பு கர் 1984-இல் திறந்து 2008-இல் மூடினார்கள், மும்பை எஸ்ஸெல் வேர்ல்டு 2022-இல் நின்றது. ஒரு தலைமுறையே அங்கே முதல் ராட்டினம் ஏறியது. நம் பக்கம் நேர்மாறாக, 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா சென்னை திறந்தாயிற்று, 611 கோடி ரூபாய் போட்டிருக்கிறார்கள். கூட்டம் வராது என்று நினைப்பவர் அவ்வளவு பணத்தை மண்ணில் போடமாட்டார்.

வேன்காரர் அண்ணா, உங்களுக்கு ஒரு யோசனை. சேலத்திலிருந்து அது ஒரு நாளில் போய்த் திரும்புகிற தூரம் இல்லை. ஆனால் மாமல்லபுரம் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் நாள் மாமல்லபுரம், இரவு தங்கல், மறுநாள் பார்க் என்று இரண்டு நாள் டூராகப் போட்டால் பள்ளிகளுக்கும் கல்விச் சுற்றுலா என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கும். உங்களுக்கும் கர்நாடகா டாக்ஸ் மிச்சம். டிக்கெட்டைக் கவுண்டரில் போடாமல் முன்கூட்டியே ஆன்லைனில் போடுங்கள், குழுவாக வந்தால் என்ன விலை என்று போன் செய்து கேளுங்கள், அம்மாபேட்டைக்காரர் மாதிரி கேட்டில் போய் நின்று திகைக்க வேண்டியிருக்காது.


செவ்வாய்ப்பேட்டை 1987:

டீச்சர் சொன்ன பெண் கதையைப் படித்துவிட்டு என் மகனிடம் போய், வொண்டர்லாவுக்குப் போகலாமா என்று கேட்டேன். போனைக் கீழே வைத்துவிட்டு "எப்போ?" என்றான். நான் எழுதியது தப்பு. நான்தான் இத்தனை நாளாக அவனைக் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.


கன்னங்குறிச்சி வேன்காரர்:

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு ரொம்ப நன்றி. ராத்திரி இரண்டு தடவை படித்தேன், வீட்டுக்காரியையும் படிக்கச் சொன்னேன்.

மிளகுக்கடை அண்ணன் சொன்னதுதான் எனக்கு நேராக வந்து தைத்தது. என் டைரியை எடுத்துப் பார்த்தேன். சின்ன வண்டி சும்மா நின்ற நாள் குறைவு, பெரிய வண்டிதான் வாரக்கணக்கில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. குடும்பம் போகிறது, கும்பல் போகவில்லை. அதனால் இருபத்தைந்து சீட்டுக்குப் புதிதாக பைனான்ஸ் போடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். இருக்கிற வண்டிக்கு இன்ஜின் வேலை பார்த்து, எஃப்.சி. காட்டி, இன்னும் இரண்டு வருடம் ஓட்டிப் பார்க்கிறேன். கையில் மிஞ்சினால் இன்னொரு பன்னிரண்டு சீட்டு.

ஆடிட் தம்பிக்கு ஒரு சந்தேகம்: டோக்கியோவில் குறைந்த ஐம்பது லட்சம் பேரில் எத்தனை பேர் பணம் இல்லாமல் நின்றுபோனவர்கள், எத்தனை பேர் தாங்களாகவே வேண்டாம் என்றவர்கள் என்று அந்த அறிக்கையில் இருக்கிறதா?


சூரமங்கலம் ஆடிட் ஆபீஸ்:

இல்லை அண்ணா. வந்தவர்களைப் பற்றி வயது உட்பட எல்லாம் போடுவார்கள், நாற்பது வயதைத் தாண்டியவர்களின் பங்கு முன்பைவிடக் கூடியிருப்பதுகூட அதில் தெரியும். வராதவர்களைப் பற்றி எந்தக் கம்பெனி அறிக்கையிலும் நான் ஒரு வரி பார்த்ததில்லை.


ஓமலூர் டீச்சர்:

வாழப்பாடி தம்பியின் மாமல்லபுரம் யோசனையைத் தலைமை ஆசிரியரிடம் இன்றைக்கே சொன்னேன், அவர் மறுக்கவில்லை. ஜனவரியில் ஒரு செவ்வாய், புதன். ஆறும் ஏழும் சேர்த்துப் பிள்ளைகள் 20, ஆசிரியர்கள் 3. வேன்காரர் அண்ணா, டீசல், டோல், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொல்லுங்கள், பெற்றோர் கூட்டத்தில் வைக்கிறேன். டிக்கெட் விலையை நானே முதலில் கேட்டுவிடுகிறேன், உயரக் கணக்கோடு. பிள்ளைகளை இந்தத் தடவை பள்ளியிலேயே அளந்துவிடுவோம், யாருக்கு எந்த டிக்கெட் என்று கிளம்பும் முன்பே முடிந்துவிட வேண்டும்.


கன்னங்குறிச்சி வேன்காரர்:

தொகையை நாளைக்குச் சொல்கிறேன் டீச்சர், உங்கள் பிள்ளைகளுக்கு என் லாபத்தில் கொஞ்சம் விட்டுத்தான் போடுவேன். 23 பேர் என்றால் இரண்டு சீட்டு மிச்சம். அம்மாபேட்டையில் அந்தப் பாட்டி வீடு எனக்குத் தெரியும். பள்ளிக்கூட டூரில் வெளியாட்களை ஏற்றலாமா என்று தெரியவில்லை, தலைமை ஆசிரியர் சரி என்றால் பாட்டியையும் பேரனையும் கேட்டுப் பார்க்கட்டுமா? அவர்கள் இரண்டு பேர் டிக்கெட் என் பொறுப்பு.


ஓமலூர் டீச்சர்:

அவரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் அண்ணா. பேரன் எத்தனை உயரம் என்று மட்டும் இப்போதே அளந்து வைக்கச் சொல்லுங்கள்.